லெப்டினென்ட் அம்பேத்கரின் சட்டப் படிப்பு

மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ செல்லும் சாலைகளில் அண்ணல் அம்பேத்கரின் சிலைகள் பலவற்றைக் காணலாம். அவற்றுள் சில கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. நீலக் கோட்டு, கண்ணாடி, ஒரு கையில் அரசமைப்புச் சட்டப் புத்தகம் என்று எல்லாச் சிலைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். படை அதிகாரியின் சீருடையில் அவரை வடித்த சிலை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ஆனால், நம் நாட்டின் தலைசிறந்த சட்ட அறிஞர் பட்டம் பெற்றவுடன் ஏற்ற பணி படைப் பணிதான். 1913 ஜனவரியில், தமது 21-ஆவது வயதில், பரோடா சமஸ்தானப் படையில் அவர் லெப்டினென்டாக நியமிக்கப்பட்டார்.

இந்தச் செய்தியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மதுரையில் வழக்குரைஞராக இருக்கும் எனக்கு, விடுப்பில் ஊர் திரும்பும் படைவீரர்கள் கட்சிக்காரர்களாக வருவது வழக்கம். உசிலம்பட்டி, பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் படைக்குப் பிள்ளைகளை அனுப்பாத தெருக்கள் குறைவு. கூட்டுப் பட்டாவில் பெயர் விடுபட்டது, வண்டிப் பாதையை அண்டை நிலத்தார் அடைத்தது, அண்ணன் தம்பி பாகப் பிரிவினை என்று அவர்கள் கொண்டுவரும் வழக்குகள் பெரும்பாலும் நிலம் பற்றியவை. முப்பது நாள் விடுப்பில் முடிகிற வழக்கு எதுவும் நம் நீதிமன்றங்களில் இல்லை என்பதை அவர்களிடம் சொல்வதுதான் என் வேலையில் கடினமான பகுதி.

அண்மைக் காலமாக அவர்களில் இளையவர்கள் சிலர் வேறொரு கேள்வியையும் கேட்கிறார்கள். பணியில் இருந்துகொண்டே, அரசுச் செலவில், தாங்களே சட்டம் படிக்க வழி உண்டா என்பதே அக்கேள்வி. அமெரிக்காவில் அப்படி ஒரு திட்டம் இருப்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போதெல்லாம் எனக்குப் பரோடாவின் லெப்டினென்ட்தான் நினைவுக்கு வருகிறார். படையும் அரசுப் பணமும் சட்டப் படிப்பும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்தித்த கதை அவருடையது. அது எங்கே தடைப்பட்டது என்பதில் நமக்குப் பயன்படும் பாடம் இருக்கிறது.

அந்தக் கதை அவருடைய தந்தையிடமிருந்து தொடங்குகிறது. ராம்ஜி மாலோஜி சக்பால் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் சுபேதாராக இருந்தவர். பணியில் இருந்தபோதே புணேயில் இருந்த படைத்துறை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்று, படைப் பள்ளியில் தலைமை ஆசிரியரானார். அன்றைய படையில் வீரர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமாக இருந்தது. தீண்டாமையால் ஊர்ப் பள்ளியின் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்துக்கு, படைமுகாமின் பள்ளி எத்தகைய கதவாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1891 ஏப்ரல் 14-ஆம் தேதி மாவ் படைமுகாமில் பிறந்த பீமராவ், அந்தக் கதவின் வழியாக எழுத்துக்குள் வந்த குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. பணியில் இருந்த ஒரு படைவீரருக்குப் படை செலவழித்த கல்வியின் பலன் அடுத்த தலைமுறையில் விளைந்தது என்று சொல்வது மிகையன்று.

அந்தக் கதவும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1890-களில் மஹர் சமூகத்தவரைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்திவிட்டது. போர்க்குணம் கொண்ட இனங்கள், கொள்ளாத இனங்கள் என்று மக்களைப் பிரித்த காலம் அது. ஓய்வுபெற்ற சுபேதார் ராம்ஜி அம்முடிவை எதிர்த்து மனு எழுதியவர்களுள் ஒருவர். விதி என்பது காகிதத்தில் எழுதப்படுகிறது, காகிதத்தைக் கொண்டே அதை எதிர்க்க வேண்டும் என்ற அறிவு அந்த வீட்டில் சட்டப் புத்தகம் நுழைவதற்கு முன்பே இருந்தது.

மகனின் படிப்புக்குத் தந்தையின் ஓய்வூதியம் போதவில்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்து 1907-இல் மெட்ரிக் தேறிய பீமராவை, ஆசிரியரும் எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றதும் அந்த உதவிக்குக் கைம்மாறாகவே பரோடா பணியில் சேர்ந்தார் என்று கொள்ளலாம். சாதி இந்துக்கள் நிறைந்த அந்நகரத்தில் மகன் படப்போகும் அவமானங்களை எண்ணித் தந்தை அதை விரும்பவில்லை. மகன் கேட்கவில்லை.

லெப்டினென்ட் பணி சில நாள்களே நீடித்தது. தந்தை உடல்நலமின்றி இருக்கிறார் என்ற தந்தி வந்தது. பம்பாய்க்குப் புறப்பட்டவர், தந்தைக்குப் பிடித்த இனிப்பு வாங்கச் சூரத் நிலையத்தில் இறங்கினார். ரயில் போய்விட்டது. மறுநாள் வீடு சேர்ந்தபோது, மகனைப் பார்ப்பதற்காகவே உயிரைப் பிடித்துவைத்திருந்தவர்போல் இருந்த ராம்ஜி, 1913 பிப்ரவரி 2-ஆம் தேதி காலமானார். படைமுகாமில் தொடங்கிய ஒரு வாழ்க்கையின் முதல் பகுதி அத்துடன் முடிந்தது.

அதே ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி அவர் கையொப்பமிட்ட ஒரு பத்திரம்தான் என் போன்ற வழக்குரைஞரின் கண்ணை இழுப்பது. மாணவர்கள் சிலரை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்த கெய்க்வாட், அவர்களுள் ஒருவராக அம்பேத்கரைத் தேர்ந்தெடுத்தார். மாதம் 11.5 பவுண்ட் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை. அதற்கு ஈடாக, குறிப்பிட்ட பாடங்களில் முழு நேரத்தையும் செலுத்தி, படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்து ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். இன்றைக்கும் அரசுகள் தம் ஊழியர்களைப் படிக்க அனுப்பும்போது எழுதி வாங்கும் பத்திரத்தின் சாரம் இதுதான். பணம் தருகிறேன், ஆண்டுகளைத் தா என்கிற ஒப்பந்தம்.

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது பொருளாதாரம், சமூகவியல், வரலாறு முதலியவை. சட்டம் அவற்றில் இல்லை. 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார், அடுத்த ஆண்டு ஆய்வேட்டையும் முடித்தார். பிறகு லண்டன் சென்று 1916 இலையுதிர் காலத்தில் பொருளாதாரக் கல்லூரியிலும், பாரிஸ்டர் பட்டத்துக்காகக் கிரேஸ் இன்னிலும் ஒரே நேரத்தில் சேர்ந்தார். சட்டம் அவருடைய வாழ்க்கையில் நுழைந்தது இப்படித்தான். பரோடா தந்த காலத்தின் கடைசி ஓரத்தில், அவரே தேடிக்கொண்ட இடத்தில்.

ஆனால், காலம் போதவில்லை. 1917-இல் உதவித்தொகை முடிந்தது. திரும்பி வருமாறு பரோடாவிலிருந்து ஆணை வந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை லண்டன் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டு, போர்க்காலக் கடலில் பயணம் செய்து ஊர் வந்தார். அவர் வந்த கப்பல் தப்பியது. அவருடைய புத்தகங்களும் சாமான்களும் ஏற்றப்பட்ட கப்பல் எதிரியின் தாக்குதலில் மூழ்கியது. அதற்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையே பரோடா செல்லும் பயணச் செலவுக்கு உதவியது என்பது விதியின் விளையாட்டு.

செப்டம்பரில் பரோடா வந்தவருக்கு மன்னரின் இராணுவச் செயலர் என்ற பதவி காத்திருந்தது. பின்னாளில் நிதி அமைச்சராக்கும் எண்ணம் மன்னருக்கு இருந்தது. வரவேற்க ஆள் அனுப்புமாறு மன்னர் உத்தரவிட்டும் நிலையத்துக்கு எவரும் வரவில்லை. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளைக் கையில் தராமல் மேசைமீது எறிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, இரவில் படுக்க ஓர் இடம் இல்லாததுதான். இந்து விடுதி எதுவும் அவரை ஏற்காது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலையில், கையில் தடிகளோடு பார்சிகள் கூட்டமாக வந்து, விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் குற்றம் சாட்டி, மாலைக்குள் காலி செய்யுமாறு மிரட்டிச் சென்றார்கள்.

அவர் இரண்டு நண்பர்களை அணுகினார். ஒருவர் இந்து, மற்றவர் இந்தியக் கிறிஸ்தவர். இருவரும் வெவ்வேறு காரணங்களைச் சொல்லி ஒதுங்கினார்கள். அரசிடம் வீடு கேட்ட விண்ணப்பம் கிடப்பில் இருந்தது. கொலம்பியாவில் பட்டம் பெற்ற அந்த அதிகாரி, ரயில் நேரம் வரும்வரை ஊரின் பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அன்றிரவே பம்பாய்க்குப் புறப்பட்டார்.

பத்திரத்தின்படி பார்த்தால் ஒப்பந்தத்தை முறித்தவர் அம்பேத்கர். பத்து ஆண்டுகள் என்று எழுதிக்கொடுத்தவர் இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. ஆனால், வழக்கு என் முன் வந்தால் நான் அவர் பக்கம் நின்றுதான் வாதாடுவேன். பணியாற்ற வருபவனுக்குப் பணியாற்றும் சூழலைத் தருவது வேலை தருபவரின் சொல்லப்படாத கடமை. மன்னர் நல்லவர், செலவழிக்கத் தயங்கவில்லை. அவர் பணத்தால் வாங்க முடியாத ஒன்று அவருடைய தலைநகரத்தில் இருந்தது. ஒருவனை நியூயார்க் வரை அனுப்பிப் படிக்கவைத்த அரசால் அவனுக்குத் தன் ஊரில் ஓர் அறையைத் தர முடியவில்லை.

பாதியில் விட்ட சட்டப் படிப்பை அவர் எப்படி முடித்தார்? எந்த அரசின் பத்திரமும் அதற்கு உதவவில்லை. 1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதச் சம்பளம் 450 ரூபாய். குடும்பத்துக்குக் குறைவாகக் கொடுத்து மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் கொஞ்சம் உதவினார். கொலம்பியாவில் உடன் படித்த பார்சி நண்பர் நவல் பத்தேனா கடன் கொடுத்தார். பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள், லண்டனுக்கு வழியனுப்பியவரும் பார்சி என்பதைச் சமூகங்களைப் பற்றி அவசரமாகத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

1920-இல் மீண்டும் லண்டன். பகலெல்லாம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நூலகம், அரைவயிற்று உணவு, இரவெல்லாம் படிப்பு. இங்கிலாந்தில் பாரிஸ்டராக வேண்டுமானால் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. சேர்ந்த இன்னின் விருந்து மண்டபத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மற்றவர்களோடு உட்கார்ந்து உணவருந்தவும் வேண்டும். பரோடா அலுவலகத்தில் ஒரு குவளைத் தண்ணீர் மறுக்கப்பட்டவருக்கு, லண்டனில் பலரோடு ஒரே மேசையில் உண்பது சட்டத் தகுதியின் ஒரு பகுதியாக இருந்தது. 1922 ஜூனில் அவர் பாரிஸ்டரானார். அடுத்த ஆண்டு பம்பாயில் வழக்குரைஞராகப் பதிவு செய்வதற்கான கட்டணத்துக்கும் நண்பரிடம்தான் கடன் வாங்கினார்.

அந்தக் காலத்தில் லண்டன் சென்று பாரிஸ்டரானவர்களில் பெரும்பாலோர் வசதியான குடும்பத்தினர். நம் மதுரையே அதற்குச் சான்று. ரோசாப்பூ துரை என்று நம் கிராமத்து மக்கள் அன்போடு அழைத்த ஜார்ஜ் ஜோசப், எடின்பரோவிலும் லண்டன் மிடில் டெம்பிளிலும் படித்துவிட்டு மதுரையில் வந்து தொழில் நடத்தியவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் நாள்தோறும் கைநாட்டு வைக்க நிர்பந்திக்கப்பட்ட பிரமலைக் கள்ளர்களுக்காக அவர் நீதிமன்றங்களில் நின்றார். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மடிந்த காலம் அது. அந்த மக்களிடமிருந்தே ஒரு பாரிஸ்டர் அன்று வந்திருக்க முடியாது. வெளியிலிருந்து ஒரு நல்ல மனிதர் வந்தார். அது அவர்களின் அதிர்ஷ்டம். சட்ட உதவி அதிர்ஷ்டத்தை நம்பியிருந்த நிலை அது. அம்பேத்கர் வாழ்க்கையின் தனிச்சிறப்பு, சட்டத்தால் அழுத்தப்பட்டவர்களிடமிருந்தே சட்டம் கற்ற ஒருவர் எழுந்தார் என்பதே.

அதன் பயன் என்னவென்று தெரிந்துகொள்ள மகாத் வழக்கைப் பார்க்க வேண்டும். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் வியக்கும் பகுதியும் அதுதான்.

கொங்கணத்தில் உள்ள மகாத் என்ற சிற்றூரின் சவதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்திலேயே இருந்தது. 1927 மார்ச் 20-ஆம் தேதி அம்பேத்கரின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சென்று குளத்து நீரை அள்ளிக் குடித்தார்கள். திரும்பும் வழியில் தாக்கப்பட்டார்கள். அந்த வட்டாரம், ஓய்வூதியம் பெறும் மஹர் படைவீரர்கள் நிறைந்த பகுதி. அணிவகுக்கவும் அடிபடாமல் பின்வாங்கவும் தெரிந்தவர்கள் அவர்கள். டிசம்பர் 25-ஆம் தேதி மீண்டும் குளத்துக்குச் செல்வதென முடிவாயிற்று.

அதற்குள் எதிர்த்தரப்பினர் நீதிமன்றம் சென்றார்கள். குளம் தனியாருடையது, தீண்டத்தகாதோர் அதைத் தொடுவதில்லை என்பது தொன்றுதொட்ட வழக்கம் என்று உரிமையியல் வழக்குத் தொடுத்தார்கள். டிசம்பர் 14-ஆம் தேதி தற்காலிகத் தடையாணை பிறந்தது. மாநாட்டுக்கு வந்து குவிந்திருந்தவர்களோ சிறை செல்லவும் ஆயத்தமாக இருந்தார்கள். முன்னாள் படைவீரர்களுக்கு முன்னேறு என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அம்பேத்கர் சொல்லவில்லை. தடையாணையை மதிப்பது என்று முடிவு செய்து, அந்தக் கூட்டத்தையும் இணங்கவைத்தார். அவர்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலமாகச் சென்றார்கள், நீரைத் தொடவில்லை.

அது தோல்விபோல் தோன்றிய முடிவு. அவரோடு இருந்தவர்களுக்கே அது கசந்தது. ஆனால், களத்தில் ஒரு நாளில் தீர்ந்திருக்கக்கூடியதை அவர் பத்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் நடத்தினார். அவரே பிரதிவாதி. வழக்கு கீழ் நீதிமன்றம், மேல்முறையீடு என்று ஏறி, 1937 மார்ச் 17-ஆம் தேதி பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. தொன்றுதொட்ட வழக்கம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிபதி புரூம்ஃபீல்டு தீர்ப்பளித்தார். 1922-இல் ஆமதாபாதில் காந்தியடிகளுக்கு ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதித்த அதே புரூம்ஃபீல்டுதான். ஊர்வலம் குடித்த தண்ணீர் ஒருநாள் தாகத்துக்கானது. அந்தத் தீர்ப்போ குளத்தைச் சட்டப்படி திறந்துவிட்டது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1939 ஜூலை 8-ஆம் தேதி, நம் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்ற வைத்தியநாத ஐயரும் வழக்குரைஞர் என்பதைச் சேர்த்து எண்ணிப் பார்க்கிறேன். அவர் அடி எடுத்துவைத்த பிறகு, அதைக் காக்கச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. முன்னே செல்லும் காலும் பின்னே காக்கும் சட்டமும் இரண்டும் வேண்டும் என்பதை அன்றைய மதுரை அறிந்திருந்தது.

படையோடு அம்பேத்கருக்கு இருந்த தொடர்பும் அறுந்துபோகவில்லை. தந்தை மனு எழுதிய அதே காரியத்தை மகன் அதிகாரத்தில் இருந்தவர்களிடம் எடுத்துச் சென்றார். 1941-இல் அரசின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அவர் இடம்பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் பெல்காமில் மஹர் ரெஜிமென்ட் தொடங்கப்பட்டது. சுபேதார் ராம்ஜி மறைந்து அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி, அரசமைப்புச் சட்டத்துக்கு வருவோம். அம்பேத்கர் தலைமையேற்ற வரைவுக் குழுவின் வழியாக வந்த அச்சட்டத்தின் 33-ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 136-ஆவது பிரிவில் உச்சநீதிமன்றத்துக்குத் தரப்பட்ட சிறப்பு மேல்முறையீட்டு அதிகாரம், படை நீதிமன்றங்களின் தீர்ப்புகளைத் தொடாது. 227-ஆவது பிரிவின்கீழ் உயர்நீதிமன்றங்கள் செலுத்தும் மேற்பார்வையிலிருந்தும் அவை விலக்கப்பட்டுள்ளன. சுபேதாரின் மகன் தலைமையேற்ற குழு தந்த சட்டத்தில், குடிமக்களுக்குத் திறந்த சில கதவுகள் படைவீரருக்குச் சற்றே சாத்தப்பட்டிருக்கின்றன. கட்டுப்பாடு இல்லாத படை நாட்டுக்கு ஆபத்து என்பதால் நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால், கதவுகள் குறைந்த வீட்டில் விளக்கு கூடுதலாக வேண்டும். படையினருக்குச் சட்டம் தெரிந்த துணை மற்றவர்களைவிட அதிகம் தேவை.

இன்றைய நிலை என்ன? பெரிய குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் பொதுப் படை நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் அமர்வார்கள். அவர்கள் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. அவர்களுக்குச் சட்டம் எடுத்துச் சொல்ல, படையின் சட்டப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் உடன் இருப்பார். அவருக்கு வாக்கு கிடையாது. குற்றம் சாட்டப்பட்ட வீரர் வழக்குரைஞரை வைத்துக்கொள்ளலாம், செலவு செய்ய முடிந்தால். இல்லாவிட்டால் அவருக்காக நிற்கும் அதிகாரியும் சட்டம் படித்தவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்தது பெரிய முன்னேற்றம். சென்னையில் அதன் கிளை செயல்படுகிறது. ஆனால், பேரையூர்க்காரருக்குச் சென்னை எவ்வளவு தொலைவு என்பது, 2004 ஜூலையில் உயர்நீதிமன்றக் கிளை மதுரைக்கு வரும்வரை காத்திருந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படையின் சட்டப் பிரிவுக்கு ஏற்கெனவே சட்டம் படித்து முடித்தவர்களே வெளியிலிருந்து எடுக்கப்படுகிறார்கள். மொகாலியில் உள்ள தரைப்படைச் சட்டக் கல்லூரி நல்ல கல்லூரி. ஆனால், அது முதன்மையாகப் படையினரின் பிள்ளைகளுக்கானது. பணியில் இருக்கும் சிப்பாய்க்கு வழி குறுகியது. சட்டப் பட்டத்தை அஞ்சல்வழியில் பெற முடியாது. வகுப்புக்கு வந்தே தீர வேண்டும். எல்லைக் காவலில் நிற்பவர் மதுரை அரசு சட்டக் கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் எப்படி இடம்பெறுவார்?

அமெரிக்கா 1973-இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு படைத்துறையிலிருந்தும் ஆண்டுக்கு 25 பேர் வரை, சம்பளத்தோடு, அரசுச் செலவில் சட்டக் கல்லூரிக்கு அனுப்பப்படலாம். படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு ஆண்டுகள் படையின் சட்டப் பணியில் இருக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு ஆறாண்டுப் பணி. பரோடா பத்திரத்தில் மூன்றுக்குப் பத்து. வேறுபாடு எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அமெரிக்கத் திட்டம் சட்டப் படிப்பை முடிக்கும்வரை ஆதரிக்கிறது; முடித்தவருக்கு உரிய நாற்காலியையும் முன்கூட்டியே ஒதுக்குகிறது. பரோடா இரண்டையும் செய்யவில்லை.

நம் சட்டப் புத்தகத்தில் படைவீரரின் நிலையை எண்ணிப் பார்த்த விதிகள் இல்லாமல் இல்லை. 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம், களப்பணியில் இருப்பவர் நீதிமன்றம் வர முடியாதபோது அவருக்கு எதிரான வழக்கை நிறுத்திவைக்க வழி செய்கிறது. நூறாண்டு பழமையான இந்தச் சட்டத்தைப் பற்றி என்னிடம் வரும் வீரர்களில் பலர் கேள்விப்பட்டதேயில்லை. 2025-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு படைவீரர் குடும்பங்களுக்கான சட்ட உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், அது வெளியிலிருந்து வரும் உதவி. சீருடையின் உள்ளிருந்தே ஒருவர் சட்டம் கற்று வருவதற்கு அது ஈடாகாது. தடையாணை வந்த நாளில் மகாத்தின் முன்னாள் வீரர்கள் அம்பேத்கரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதற்கு, அவர் சுபேதாரின் மகன் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கு இப்போதைக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. ஓய்வுபெற்ற பின் சட்டம் படியுங்கள் என்பேன். பதினேழு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு நாற்பதைத் தொடும் வயதில் முதலாண்டு வகுப்பில் உட்காரும் மனத்திண்மை எல்லோருக்கும் வாய்க்காது.

பாதுகாப்பு அமைச்சகம் இப்படிச் செய்யலாம்: ஆண்டுதோறும் சிறிய எண்ணிக்கையில், சிப்பாய்கள் உட்பட, பட்டம் பெற்ற படையினரைச் சம்பளத்துடன் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு அனுப்பலாம். அவரவர் மாநிலத்து அரசு சட்டக் கல்லூரிகளிலேயே இடம் ஒதுக்கலாம். அவர்கள் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் அரசின் கடமைகளும் இடம்பெற வேண்டும். படிப்பு முடியும்வரை திரும்ப அழைப்பதில்லை என்பது அவற்றுள் ஒன்று. முடித்து வருபவருக்குச் சட்டப் பணியில் இடமும், பணியாற்றும் ஊரில் குடியிருக்க வீடும் தருவதாக அரசு உறுதியளிப்பது மற்றொன்று. அந்தக் கடைசி வரியைத் தேவையற்றது என்று எந்த அதிகாரியாவது அடிக்க முற்பட்டால், 1917 செப்டம்பரில் பரோடா பூங்காவின் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் யாரென்று அவரிடம் கேட்க வேண்டும்.